நகரத்து ஏழைக் குடும்பங்களின் வீடுகளைச் சீராக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடங்களாக இந்த வேலையில் தன்னார்வலராக இருக்கிறேன். பணம் தருகிறவர்கள், கூட வந்து வேலை செய்ய விரும்புகிறவர்கள், சில நேரம் அந்தந்த வீட்டுக்காரர்களே திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பதில்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்காது. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த வராது.

வீட்டு உதவி என்றால் புது வீடு கட்டிக் கொடுப்பதுதானே?

அதுவும் உண்டு. ஆனால் அது மட்டும்தான் என்று நினைத்து வந்தால் முக்கால்வாசி வேலை கண்ணிலேயே படாது. நகரத்தில் வருமானம் குறைந்த குடும்பங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தலைக்கு மேல் ஏதோ ஒரு கூரை இருக்கிறது. அது ஒழுகும், அல்லது அதற்குக் கீழே ஏழு பேர் படுக்க வேண்டியிருக்கும், அல்லது நாளைக்கே காலி செய்யச் சொன்னால் கையில் காட்ட ஒரு காகிதம் இருக்காது. யூஎன்-ஹாபிடட் என்ற ஐ.நா. அமைப்பு குடிசைப்பகுதி வாழ்க்கையை ஐந்து குறைகளை வைத்து அடையாளம் காண்கிறது: நல்ல தண்ணீர் இல்லாமை, கழிப்பறை இல்லாமை, ஒரு அறைக்கு மூன்று பேருக்கு மேல் நெருக்கிக் கிடப்பது, வெயில் மழை தாங்காத கட்டடம், எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற நிலை. இதில் ஒன்று இருந்தாலே அந்தக் குடும்பம் கணக்கில் வந்துவிடும். இந்த ஐந்தில் கட்டடம் சம்பந்தப்பட்டது எத்தனை என்று பாருங்கள். மற்றதெல்லாம் குழாய், சாக்கடை, இடம், பத்திரம்.

இதெல்லாம் அரசாங்கம் செய்ய வேண்டியது இல்லையா?

ஆமாம், செய்ய வேண்டியதுதான். உலகம் முழுக்க நூறு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட பகுதிகளில் இருக்கிறார்கள், நன்கொடையை வைத்து அத்தனை பேருக்கும் வீடு கட்ட எந்த அமைப்பாலும் முடியாது. இதை மறைத்துப் பேசுகிற தொண்டு நிறுவனத்தை நான் நம்புவதில்லை.

ஆனால் வரலாற்றைப் பார்த்தால், அரசாங்கங்கள் இதை ஒரு கடமையாக எடுத்துக்கொள்வதற்கு ரொம்ப நாள் முன்பே தனி மனிதர்கள் தொடங்கிவிட்டார்கள். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் யாக்கோப் ஃபுக்கர் என்ற வணிகர் ஏழைகளுக்காகக் கட்டிய ஃபுக்கெராய் குடியிருப்புக்கு 1521-ல் அறக்கட்டளைப் பத்திரம் எழுதினார்கள். வருட வாடகை அன்றைக்கு ஒரு கில்டர், இன்றைக்கு 88 சென்ட். ஆமாம், வருடத்துக்குத்தான், ஒரு யூரோகூடக் கிடையாது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து சேதமானதைத் திரும்பக் கட்டி, இன்னும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஐந்நூறு வருடம் ஒரு அறக்கட்டளை தன் வேலையை விடாமல் செய்திருக்கிறது என்பது எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

லண்டனில் 1862-ல் ஜார்ஜ் பீபாடி என்ற அமெரிக்கர் ஒன்றரை லட்சம் பவுண்ட் கொடுத்து ஒரு நிதி தொடங்கினார், பிறகு அது ஐந்து லட்சமாக வளர்ந்தது. 1864-ல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் முதல் அடுக்குக் குடியிருப்பு திறந்தது. அங்கே நிலையான கூலி உள்ள தொழிலாளிகளால்தான் வாடகை கட்ட முடிந்தது, அன்றாடம் வேலை தேடி அலைகிறவர்கள் வெளியேதான் நின்றார்கள். இந்தக் குறை இன்றைக்கும் பல திட்டங்களில் அப்படியே இருக்கிறது. அதனால் ஒரு திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான் முதலில் கேட்பது, இதில் யாரால் நுழைய முடியாது என்பதைத்தான்.

எதிலிருந்து தொடங்குவது? சுவரா, கூரையா, தரையா?

அந்த வீட்டில் இருப்பவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

நான் புதிதாகச் சேர்ந்தபோது ஒரு படிவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். கூரை, தரை, சுவர், கழிப்பறை என்று வரிசையாகக் கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஒரு வீட்டில் அந்த அம்மா நான் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் "கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேணும்" என்றார். என் படிவத்தில் கதவுக்குக் கட்டமே இல்லை. அப்புறம்தான் தரையைப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில் வளைவாக ஒரு கீறல், கையால் தடவினால் தெரிகிற அளவுக்கு ஆழமாக. தினமும் ராத்திரி துணி வைத்திருக்கும் தகரப் பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க இழுத்து இழுத்து வந்த கீறல் அது. வயதுக்கு வந்த பெண் இருக்கிற வீடு. தாழ்ப்பாள் போட அரை மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் அவர் கூரையைப் பற்றி எங்களிடம் பேசவே ஆரம்பித்தார்.

வீட்டுக்காரர் சொல்லும் முதல் குறையை முடித்த பிறகு மற்றதற்குப் போகலாம். பொதுவாகக் கூரையும் தரையும்தான் உடம்பை அதிகம் பாதிக்கிறவை.

தரையில் என்ன இருக்கிறது? மண் தரையில் காலங்காலமாக வாழ்ந்தார்களே?

வாழ்ந்தார்கள், குழந்தைகள் வயிற்றில் பூச்சியோடும் வாழ்ந்தார்கள். மெக்சிகோவில் கோவாவிலா மாநிலத்தில் 2000-ல் மண் தரைக்குப் பதிலாக சிமெண்ட் தரை போட்டுக் கொடுக்கும் ஒரு அரசுத் திட்டம் வந்தது. அதைப் பொருளாதார ஆய்வாளர்கள் அளந்து 2009-ல் வெளியிட்டார்கள். வீடு முழுக்க சிமெண்ட் தரையானால் சின்னக் குழந்தைகளிடம் குடல் ஒட்டுண்ணித் தொற்று 78 சதவீதம், வயிற்றுப்போக்கு 49 சதவீதம், ரத்தசோகை 81 சதவீதம் குறையும் என்று அவர்கள் கணக்கு சொன்னது. அம்மாக்களின் மனச்சோர்வும் குறைந்திருந்தது. மருந்து இல்லை, டாக்டர் இல்லை, தரையை மாற்றியதற்கே இவ்வளவு.

அரசு கான்கிரீட் கலவையை வண்டியில் கொண்டுவந்து கொட்டியது, வீட்டுக்காரர்கள் அதற்கு முன் தரையைச் சமன்படுத்தி வைத்து, பிறகு கலவையைப் பரப்பினார்கள். ஒரு சிறிய தொண்டு அமைப்பாலும் இதே முறையில் ஒரு தெரு முழுக்கச் செய்துவிட முடியும். சமன்படுத்தும்போது தண்ணீர் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்று பார்த்து லேசாகச் சரிவு கொடுங்கள், இல்லையென்றால் கழுவிய தண்ணீர் நடுவீட்டில் தேங்கும்.

கூரை ஒழுகினால் முழுதாக மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். தகரக் கூரையில் நான் பார்த்த ஒழுகல்களில் பாதி, ஆணியைத் தப்பான இடத்தில் அடித்ததால் வந்தவை. நெளித்தகட்டின் மேட்டில்தான் ஆணி அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் மழைத்தண்ணீர் முழுக்க அந்த ஓட்டை வழியாகத்தான் போகும். ஆணித் தலைக்கு அடியில் ரப்பர் வாஷர் வேண்டும். இரண்டு தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்காரும் அளவும் போதுமானதாக இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஒரு வீட்டுக்குள் போனபோது நாலு பாத்திரங்கள் நாலு மூலையில் சொட்டு வாங்கிக்கொண்டிருந்தன, பையனின் பாடப்புத்தகங்கள் பிளாஸ்டிக் பையில் கட்டிச் சுவர் ஆணியில் தொங்கின. அந்தக் கூரைக்குப் புதுத் தகடு இரண்டுதான் தேவைப்பட்டது, மற்றதெல்லாம் ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைத்து மேட்டில் திரும்ப அடித்த வேலை.

வெயில் இன்னொரு விஷயம். தகரக் கூரைக்கு வெளிப்பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் உள்ளே சூடு குறையும். அகமதாபாத்தில் 1994-லிருந்து வேலை செய்யும் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் போன்ற பெண்கள் அமைப்புகள் இதைப் பெரிய அளவில் செய்கின்றன. பகலில் வீட்டிலேயே உட்கார்ந்து கைவேலை செய்கிற பெண்ணுக்கு வீடுதான் வேலை செய்யும் இடமும். சூடு குறைந்தால் அவருடைய வருமானத்திலும் தெரியும்.

கல்நார் தகடு, அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இருக்கிற கூரையைத் தெரியாதவர்கள் அறுக்கவோ துளை போடவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆபத்து.

குடிசைகளை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே நல்ல அடுக்குமாடி கட்டிக் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லதுதானே?

இந்தக் கேள்வியை நல்ல மனசோடுதான் கேட்கிறார்கள், அதனால் பொறுமையாகச் சொல்கிறேன். ஒரு குடும்பம் நகரத்தின் நடுவில் ஒரு பொந்தில் குடியிருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. நடந்து போகிற தூரத்தில் வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கடன் தருகிற பக்கத்து வீடு, காய்ச்சல் வந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற இன்னொரு வீடு, எல்லாம் அங்கேதான். முப்பது கிலோமீட்டர் தள்ளி மூன்று அறை வீடு கொடுத்தாலும் பேருந்துக் கட்டணத்துக்கே கூலி சரியாகப் போய்விடும். அப்படி மாற்றப்பட்ட சில குடும்பங்களை எனக்குத் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வந்துவிட்டார்கள். அங்கே சுவர் புதுசு, ஆனால் காலையில் வேலைக்குக் கூப்பிட ஆள் இல்லை.

வேறு வழி இருக்கிறது. சிலியின் இகீகே நகரில் கிட்டத்தட்ட நூறு குடும்பங்கள் முப்பது வருடமாக நகர மையத்தில் அனுமதியில்லாத இடத்தில் இருந்தார்கள். 2003-04-ல் கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலமெண்டல் குழு அவர்களுக்காகக் கட்டிய குடியிருப்புக்கு அரசு மானியம் ஒரு குடும்பத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு டாலர்தான் இருந்தது. அதில் முழு வீடு நல்லதாகக் கட்ட முடியாது. அதனால் பாதி வீட்டை நல்லதாகக் கட்டினார்கள்: கட்டடத்தைத் தாங்கும் சட்டகம், குளியலறை, சமையலறை, படிக்கட்டு, அதாவது குடும்பம் தனியாகச் செய்யக் கஷ்டப்படும் பகுதிகள் எல்லாம் அதில் அடக்கம். மற்ற பாதிக்கு இடம் விட்டுவிட்டார்கள், கையில் காசு வரும்போது அவரவர் கட்டிக்கொண்டார்கள். முக்கியமாக, அதே இடத்திலேயே இருந்தார்கள்.

கழிவுநீர், கழிப்பறை இதிலெல்லாம் ஒரு தொண்டு அமைப்பு என்ன செய்ய முடியும்? அது பெரிய வேலை ஆயிற்றே?

எனக்குப் பிடித்த கேள்வி. பதில் கராச்சியில் இருக்கிறது. ஒராங்கி என்ற பெரிய குடியிருப்பில் 1980-ல் அக்தர் ஹமீத் கான் என்ற சமூகப் பணியாளர் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கினார். அவர் முதலில் செய்தது அந்தத் தெருக்களில் நடந்து, மக்களோடு பேசியது. சாக்கடைதான் பெரிய தொல்லை என்று எல்லாரும் சொன்னார்கள், மாநகராட்சி இலவசமாகப் போட்டுத் தரும் என்று காத்துக்கொண்டும் இருந்தார்கள்.

அவர் வேலையை இரண்டாகப் பிரித்தார். வீட்டுக்குள் கழிப்பறை, தெருவுக்குள் ஓடும் குழாய், தெருக்களைச் சேர்க்கிற குழாய் இவ்வளவும் மக்கள் செலவில், மக்கள் மேற்பார்வையில். பிரதான வாய்க்காலும் சுத்திகரிப்பு நிலையமும் அரசின் பொறுப்பு. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு தெருதான் அலகு. தெரு மக்கள் ஒருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்து, பணம் வசூலித்து, குழாய் பதிப்பார்கள். கானின் அமைப்பு பணம் கொடுக்கவில்லை. அளவெடுத்து வரைபடம் கொடுத்தது, கருவிகள் கொடுத்தது, கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்தது. ஒப்பந்தக்காரர், கமிஷன் எல்லாம் இல்லாமல் போனதில் செலவு மாநகராட்சி மதிப்பீட்டில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. இப்படியே பல்லாயிரக்கணக்கான வீடுகளுக்குக் கழிவுநீர் வசதி வந்தது.

அங்கேயே பல வருடம் வேலை செய்த கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான், நகர ஓரக் கிராமங்களின் நிலங்களை வரைபடத்தில் பதிந்து ஏழைகளின் உரிமைக்கு ஆதாரம் தேடிக் கொடுத்தவர். 2013-ல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வரைபடம் போடுவது சாதாரண வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

பத்திரம் இல்லாத இடத்தில் பணத்தைக் கொட்டினால், நாளைக்கு இடித்துவிட்டால் என்ன செய்வது?

நியாயமான பயம். அதனால் பல இடங்களில் முதல் வேலையே கணக்கெடுப்புதான். மும்பையில் 1985-ல் ஸ்பார்க் என்ற அமைப்பு நடைபாதையில் குடியிருந்த குடும்பங்களைக் கணக்கெடுத்தது. அதிகாரிகளின் ஏட்டில் அவர்கள் இல்லவே இல்லை, இந்தக் கணக்கு வந்த பிறகு அவர்களோடு பேச வேண்டியதாயிற்று. அந்த அமைப்போடு கைகோத்த தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவர் ஜோக்கின் அற்புதம், கோலார் தங்கவயலில் பிறந்து, தானே குடிசைப்பகுதியில் வாழ்ந்தவர். வீடு எண், எத்தனை பேர், எத்தனை வருடம், என்ன வேலை என்று குடியிருப்பவர்களே தங்களைப் பதிவு செய்துகொள்கிற இந்த வழக்கம் பிறகு பல நாடுகளுக்குப் போனது. நீங்கள் கட்டடம் கட்டத் தெரியாதவராக இருந்தாலும், எழுதத் தெரிந்தால் இந்த வேலைக்கு வரலாம்.

நிலம் கைமாறாமல் இருக்க இன்னொரு வழி, சமூக நில அறக்கட்டளை. நிலம் அறக்கட்டளையின் பெயரில் இருக்கும், மேலே இருக்கும் வீடு குடும்பத்தின் பெயரில். விற்கும்போது எவ்வளவுக்கு விற்கலாம் என்று ஒரு கணக்கு இருக்கும், அதனால் அடுத்து வருகிற ஏழைக் குடும்பத்தாலும் வாங்க முடியும். அமெரிக்காவில் 1969-ல் ஜார்ஜியா மாநிலத்தில் கறுப்பின விவசாயிகளுக்காகத் தொடங்கிய யோசனை இது. 1984-லிருந்து பர்லிங்டன் நகரில் வீடுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. பகுதி வளர்ந்து நில விலை ஏறும்போது ஏழைகள் தானாக வெளியே தள்ளப்படுவதை இது தடுக்கிறது.

இடிக்கும் அபாயம் நிஜமாகவே இருந்தால், கழற்றி எடுத்துப் போகக்கூடிய வேலைகளை முதலில் செய்யுங்கள்: தகடு, கதவு, தண்ணீர்த் தொட்டி, மின்விளக்கு.

வாடகை வீட்டைச் சரிசெய்து கொடுத்தால் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றிவிட மாட்டாரா?

ஏற்றுவார். எங்களுக்கே நடந்திருக்கிறது. கழிப்பறை கட்டிக் கொடுத்த நாலாவது மாதம் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்தது, எங்கள் பணத்தில் கட்டியது அடுத்து வந்த, கொஞ்சம் வசதியானவர்களுக்குப் போனது. அன்றிலிருந்து வேலையைத் தொடங்குவதற்கு முன்னால், இத்தனை வருடம் வாடகை ஏறாது, காலி செய்யச் சொல்ல மாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குகிறோம். தர மறுத்தால் கட்டட வேலை கிடையாது, எடுத்துப் போகக்கூடியதை மட்டும் தருவோம்.

1865-ல் லண்டனில் ஆக்டேவியா ஹில் இன்னொரு விதமாகச் செய்தார். எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கொடுத்த பணத்தில் மேரில்போன் பகுதியில் மூன்று சிறிய வீடுகளை எடுத்து அவரே நிர்வகித்தார். பழுதுபார்க்க வருடத்துக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுக்கி, அதில் மிஞ்சுவதைக் குடியிருப்பவர்கள் கேட்கிற வசதிக்குச் செலவு செய்தார். ஜன்னல் கண்ணாடி உடையாமல் இருந்தால் அந்தக் காசு தங்களுக்கே திரும்பும் என்று தெரிந்தால் யார்தான் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்? வாடகை விஷயத்தில் அவர் கறாரானவர், அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த மிச்சக் கணக்கு அருமையான யோசனை.

இலவசமாகக் கொடுப்பதா, கொஞ்சம் பணம் வாங்குவதா?

முடிந்தவர்களிடம் பங்கு வாங்குவது நல்லது, ஆனால் அது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. 1976-ல் மில்லர்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் தொடங்கிய ஹாபிடட் ஃபார் ஹ்யூமானிட்டி அமைப்பில் வீடு பெறும் குடும்பம் தன் வீட்டு வேலையிலும் மற்றவர் வீட்டு வேலையிலும் உழைப்பைத் தர வேண்டும். தொடக்கத்தில் வீட்டுக் கடனுக்கு லாபமும் வட்டியும் கிடையாது, திரும்ப வருகிற தவணை அடுத்த வீட்டுக்குப் போகும். இந்தச் சுழல் நிதி சிறிய அமைப்புகளுக்கும் ஒத்துவரும்.

படுத்த படுக்கையாக இருப்பவரிடமும், தனியாகப் பிள்ளைகளை வளர்க்கிறவரிடமும் உழைப்பு கேட்காதீர்கள். பத்திரம் எழுதினால் மனைவி பெயரையும் கட்டாயம் சேருங்கள்.

வார இறுதியில் வந்து செங்கல் தூக்கினால் உதவியாக இருக்குமா?

சுவருக்கு வண்ணம் அடிக்க, பழையதை அகற்ற, மண் அள்ள, தாராளமாக வாருங்கள். கூரை ஏறுவதும் மின்கம்பி வேலையும் தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும். அதே தெருவில் கொத்தனார் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்குக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்வதுதான் முறை. கணக்கு எழுத, மனு எழுத, அலுவலகத்துக்குக் கூடப்போக ஆட்கள் எப்போதும் குறைவு.

பழைய பொருள்கள் தரலாமா?

தரலாம், நல்ல நிலையில் இருந்தால். கதவு, ஜன்னல், குழாய், கழுவுதொட்டி எல்லாம் பயன்படும். பழைய மின்சாதனங்களும் பழைய வயர்களும் வேண்டாம்.

எந்த அமைப்புக்குப் பணம் கொடுப்பது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு வருடம் முன்பு முடித்த ஒரு வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். புதிதாக முடித்த வீடு எல்லாருக்கும் பளபளவென்றுதான் இருக்கும். பழைய வீட்டில் அதே குடும்பம் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, பழுதானால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். தெருவில் இருப்பவர்கள் அந்த அமைப்பின் கூட்டத்தில் பேசுகிறார்களா, இல்லை உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகிறார்களா என்று பாருங்கள்.

நன்கொடையாளர்களுக்காகக் குடும்பத்தைப் படம் எடுக்கலாமா?

ஒழுகும் கூரையைப் படம் எடுங்கள், ஆணியை எடுங்கள், சரிசெய்த பிறகு அதே இடத்தை எடுங்கள். ஆட்களை எடுக்க வேண்டுமென்றால் வேலை முடிந்த பிறகு கேளுங்கள், முன்னால் கேட்டால் அவர்களால் மறுக்க முடியாது. தாழ்ப்பாள் கேட்ட அந்த அம்மாவிடம் நாங்கள் எல்லாம் முடிந்தபின் கேட்டோம். தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கதவை எடுத்துக்கொள்ளச் சொன்னார், உள்பக்கமாக, தாழ்ப்பாள் தெரிகிற மாதிரி.